படகை இழுக்க எந்த வண்டி?

கேள்வி: நாங்கள் ராஜபாளையத்தைச் சேர்ந்த பதினோரு நண்பர்கள். பெரும்பாலோருக்கு விசைத்தறி, பேண்டேஜ் துணி வியாபாரம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சோறு, பால் பாக்கெட், போர்வை என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனோம். தண்ணீருக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பக்கம் மொட்டைமாடியில் நின்றவர்கள் கையசைத்தது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கையில் படகு இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 16 அடி ஃபைபர் படகு ஒன்றும், 15 எச்.பி. அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியிருக்கிறோம். ஊரில் ஷெட்டில் வைத்திருந்து, எங்கே வெள்ளம் வந்தாலும் டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது எண்ணம். எங்களிடம் இருப்பவை ஒரு டிசையர், ஒரு பழைய பொலேரோ, ஒரு 45 எச்.பி. டிராக்டர். இதில் எது தாங்கும்? இல்லை, பெரிய எஞ்சின் உள்ள எஸ்.யூ.வி. ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கிவிடலாமா? ஒருவர் ஸ்கார்ப்பியோ என்கிறார், இன்னொருவர் தார் என்கிறார். ஏழெட்டு லட்சம் வரை திரட்ட முடியும்.

— வாசகர், ராஜபாளையம்

பதில்: பொலேரோ போதும். ஏழெட்டு லட்சம் போட்டு இன்னொரு வண்டி வாங்காதீர்கள். அதில் ஒரு சிறு பங்கை டிரெய்லருக்குப் பிரேக் வைக்கவும், பொலேரோவின் பிரேக்கைப் புதுப்பிக்கவும் செலவழியுங்கள். மிச்சத்தில் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.

உங்கள் கேள்வி முழுக்க "எது இழுக்கும்" என்றே இருக்கிறது. என்னிடம் இதைக் கேட்கிற எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நீங்கள் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள்தானே? ஆண்டாள் தேர் நகரும்போது கூட்டத்தின் கண்ணெல்லாம் வடத்தின் மேல் இருக்கும். அடுத்த முறை சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறவர்களைப் பாருங்கள். கையில் முட்டுக்கட்டையோடு, சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடப்பார்கள். தேரைத் திருப்புவது அவர்கள், நிறுத்துவதும் அவர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். கட்டை போடத் தெரிந்தவர்கள் சிலபேர்தான். டிரெய்லர் இழுப்பதும் அதே வேலைதான். 700 கிலோவை நகர்த்த எந்த டீசல் வண்டியாலும் முடியும். அந்த 700 கிலோ பின்னாலிருந்து தள்ளும்போது பிடித்து நிறுத்த முடிகிறதா என்று பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன்பு ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லர் ஒன்றை ஜீப்பில் கட்டி ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு இறங்கினேன். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. ஜீப் நல்ல ஜீப், ஏற்றத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்ததில் புளியரை எஸ் வளைவுக்கு முன்பே கருகல் வாடை வந்துவிட்டது. வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டியின் பின்பக்கத்தை யாரோ தோளால் முட்டித் தள்ளுவதுபோல டிரெய்லர் வெளிப்பக்கமாகத் தள்ளியது. கியரைக் குறைத்து, மலைப்பக்கச் சரிவில் உரசித்தான் நிறுத்தினேன். எதிரே பஸ் வராதது என் அதிர்ஷ்டம். அன்றைக்கு என் ஜீப்பில் இன்னும் ஐம்பது குதிரைத்திறன் இருந்திருந்தாலும் ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

உங்கள் எடையைக் கணக்குப் போடுவோம். 16 அடி ஃபைபர் உடல் ஏறக்குறைய 300 கிலோ. மோட்டார் 40. இருபத்தைந்து லிட்டர் கேன் இரண்டில் பெட்ரோல், அது 40 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நங்கூரம், கயிறு, துடுப்பு, ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து 40. டிரெய்லரின் சொந்த எடை 230 வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே 650 ஆகிவிட்டது. நீங்கள் வெறும் படகோடு போக மாட்டீர்கள், அரிசியும் தண்ணீர் கேனும் படகுக்குள் ஏறும். ஆகவே 750 என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ஐரோப்பாவில் தனிப் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பே 750 கிலோதான். புதிதாக இழுக்கப் பழகுகிறவர்களிடம், டிரெய்லரின் எடை வண்டி எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இங்கிலாந்தில் சொல்வார்கள். அவர்கள் சாலை வேறு, நம் சாலை வேறு. ஆடு குறுக்கே வரும், எதிர்த்திசையில் பைக் வரும். நான் பாதி எடைக்கு மேல் வேண்டாம் என்பேன்.

இந்த அளவுகோலில் டிசையர் முதலிலேயே விழுந்துவிடுகிறது. ஒரு டன்னுக்கும் குறைவான கார். கீழே சட்டம் கிடையாது, தகட்டுடம்பு மட்டும்தான், கொக்கி மாட்டினால் அந்தத் தகடுதான் இழுபடும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்பது அதைவிட முக்கியம். பின்னால் டிரெய்லரின் பாரம் அழுத்தினால் மூக்கு தூக்கும். ஈரக் கரையிலிருந்து படகை மேலே இழுக்கும்போது முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும்.

பொலேரோ ஒன்றரை டன்னுக்கு மேல். அடியில் லாரி மாதிரி ஏணிச் சட்டம், இழுப்பது பின்சக்கரம். கொக்கியின் பாரம் பின்சக்கரத்தின் மேலேயே உட்காருவதால் பிடிமானம் கூடும், குறையாது. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், வெள்ள நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. பிரேக் பேடு, பின் டிரம்மின் ஷூ, பிரேக் ஆயில், கிளட்ச் இந்த நான்கையும் மாற்றிவிட்டுத்தான் கொக்கி பக்கம் போக வேண்டும்.

தார் வேண்டும் என்கிற நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே மலையடிவாரம் பெரும்பாலும் செம்மண். கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி பக்கம் போனால் கரிசல். மழையில் நனைந்த கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு டயரின் பள்ளத்தையே மூடிவிடும். அங்கே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதிலும் லோ கியர் உள்ளது, பொலேரோ சிக்குகிற இடத்தில் வெளியே வரும். ஆனால் அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு உங்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, டிராக்டர். நீங்கள் போய்ச் சேருகிற ஊரிலும் டிராக்டர் இருக்கும். கடற்கரைகளில் ஃபைபர் படகுகளை மணலில் மேலேற்ற டிராக்டரைத்தான் கட்டுகிறார்கள். டிரெய்லரின் முன்முனையில் பந்துக் கொக்கியோடு, டிராக்டரின் பின்னில் மாட்டுகிற வளையத்தையும் வைத்து வாங்கினால் எதில் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம்.

டிராக்டரையே ராஜபாளையத்திலிருந்து ஓட்டிப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். தூத்துக்குடி போய்ச் சேர அரை நாள் ஆகும், வெள்ளம் காத்திருக்காது. சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுவதாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். டிராக்டரில் இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல் இருக்கும். வயலில் சட்டென்று திரும்புவதற்கான ஏற்பாடு அது. சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைப் போடாமல் சாலையில் வேகமாகப் போகும்போது ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும், பின்னால் உள்ளது கவிழும். உங்கள் டிராக்டரில் அந்தத் தாழ் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். துருப்பிடித்து நின்றுபோன தாழ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓவர்ரன் பிரேக் வைத்த டிரெய்லராகக் கேட்டு வாங்குங்கள். வண்டி நிற்க, டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளுதலே கொக்கிக்குப் பின்னால் உள்ள தண்டை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். ஒயர் வேண்டாம், வண்டியின் பிரேக் குழாயில் கை வைக்க வேண்டாம். பின்னால் எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை விலக்க ஒரு நெம்புகோல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொக்கி கழன்றால் தரையில் முட்டாமல் தாங்க, கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட வேண்டும்.

சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட், விளக்கு எல்லாம் வேண்டும். தெரிந்த பட்டறையில் இரும்பைப் பற்றவைத்துச் செய்துவிடலாம் என்று நினைத்தால், ஒப்புதல் பெறாத மாடலுக்குப் பதிவு வாங்குவது கஷ்டம். நம் நாட்டில் விற்கிற பெரும்பாலான கார்களின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்காது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதனால் கொக்கி மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். மீட்புக்காக என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

படகை டிரெய்லரில் வைக்கும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மோட்டார் பின்னால், பெட்ரோல் கேன் பின்னால், அரிசி மூட்டையையும் கை எட்டுகிற பின்பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். கொக்கியில் பாரம் குறைந்து வால் கனத்துவிட்டால் 60 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் மீன் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆரம்பித்த பிறகு நிறுத்துவது பெரும்பாடு. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரை விட வேண்டும். அதைவிட முன்பே தடுப்பது சுலபம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும், உங்களுக்கு 40 முதல் 75 கிலோ. வீட்டில் எடை பார்க்கிற மெஷினைக் கொக்கி உயரத்துக்குக் கல் அடுக்கி அதன் மேல் வைத்து, டிரெய்லர் முனையை அதில் இறக்கிப் பாருங்கள். குறைந்தால் மூட்டையை முன்னால் தள்ளுங்கள்.

சக்கர பேரிங் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறத்துக்கு மாறும். அடுத்த பயணத்தில் பேரிங் போய்விடும். மேட்டிலேயே கால் மணி நேரம் ஆறவிடுங்கள். உங்கள் படகு 300 கிலோதான். பதினோரு பேர் இருக்கிறீர்கள், டிரெய்லரைத் தண்ணீர் விளிம்பில் நிறுத்திவிட்டுப் படகை மட்டும் தூக்கி இறக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன். இறக்கும்போது இரண்டு பேர் வேறெந்த வேலையும் செய்யாமல் சக்கரத்துக்குக் கட்டையோடு நிற்க வேண்டும்.

தூரம் அதிகம், சாலை மோசம் என்றால் டிரெய்லரையே மறந்துவிட்டு லாரி பிடியுங்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது கொல்லம் கரையிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் பத்தனம்திட்டாவுக்கும் செங்கன்னூருக்கும் போனார்கள். உங்கள் ஊர் வழியாகப் போகிற 744-ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனைதான் அந்தக் கொல்லம். ஆனால் படகு முழுசாக உள்ளே அடங்குகிற நீள லாரியாக இருக்க வேண்டும். பிக்கப்பில் ஏற்றி பாதிப் படகை வெளியே நீட்டிக்கொண்டு இரவில் போவது பின்னால் வருகிற பைக்காரரின் உயிருக்கு ஆபத்து, சட்டமும் அனுமதிப்பதில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். பின்னால் எடுக்கக் கற்றுக்கொள்ள ஊருக்கு வெளியே ஒரு களம் போதும். ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கை பழகிவிடும். பிறகு படகில் மணல் மூட்டை போட்டு 750 கிலோவாக்கி, விடிவதற்கு முன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை 50-ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். வழியில் ஆளில்லாத இடத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். நின்ற தூரத்தைக் காலடியால் அளந்து, டிரெய்லர் இல்லாமல் பொலேரோ நின்ற தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்ததும் டீ குடிக்கும் முன் இரண்டு டிரெய்லர் ஹப்பிலும் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. அங்கேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.