கேம் கதையில் வில்லன் யார்?

கம்ப்யூட்டர் கேமுக்குக் கதை எழுதும் ஆசை பலருக்கு உண்டு. எழுதத் தொடங்கியதும் ஒரு அணியை நல்லவர்கள் என்றும், மற்றதைக் கெட்டவர்கள் என்றும் பிரித்து விடுகிறோம். பிறகு விளையாடுபவருக்குச் சுடுவது மட்டுமே வேலை. யோசிக்க ஒன்றும் இருக்காது.

2011ல் வெளியான ஸ்கைரிம் கேமைப் பாருங்கள். தங்கள் தெய்வத்தை வணங்கும் உரிமைக்காகப் பேரரசை எதிர்க்கிறது ஸ்டார்ம்குளோக் அணி. நியாயம்தானே என்று சேர்ந்தால், அவர்களின் தலைநகரில் வேற்றினத்தார் தனித் தெருவில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். பேரரசு அந்த வழிபாட்டைத் தடை செய்ததும் பெரும் போர் ஒன்றை முடிப்பதற்காகத்தான்.

இதைவிட நல்ல உதாரணம் எங்கள் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. 1729ல் வேணாட்டு மன்னர் ராமவர்மா இறந்ததும், மருமக்கள் வழி முறைப்படி மருமகன் மார்த்தாண்டவர்மா அரியணை ஏறினார். மறைந்த மன்னரின் மகன்களான தம்பிமார் எதிர்த்தார்கள், கொல்லப்பட்டார்கள். சி.வி.ராமன்பிள்ளை 1891ல் வெளியிட்ட மலையாள நாவலில் மார்த்தாண்டவர்மாதான் நாயகன். இங்கே வில்லுப்பாட்டில் பாடப்படும் தம்பிமார் கதையிலோ தம்பிமாரே நாயகர்கள். இரண்டையும் அறிந்த பிறகு என்னால் யாரையும் வில்லன் என்று சொல்ல முடியவில்லை. சட்டம் மருமகன் பக்கம். ஆனால் அந்தச் சட்டத்தால் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கவிமணி தனி நூலாகவே பாடியிருக்கிறார்.

இதையே பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ட்வைன் என்ற இலவச புரோகிராமைத் திறந்து, புதிய கதை ஒன்றை உருவாக்கிடவும்.

1. முதல் கட்டத்தில், இரு அணியையும் சேராத அரண்மனைக் காவலனாக விளையாடுபவரை நிறுத்தவும்.

2. அதில் [[மருமகன் பக்கம்]], [[மகன்கள் பக்கம்]] என டைப் செய்திடவும். இரு புதிய கட்டங்கள் தாமாகவே உருவாகும்.

3. ஒவ்வொன்றிலும் அந்த அணியின் நியாயத்தை, அதை நம்புகிறவர் வாயாலேயே சொல்ல விடவும். அடுத்த கட்டத்தில் அதே அணி செய்யும் ஒரு கொடுமையைக் காவலன் கண்ணால் பார்க்கட்டும்.

4. எந்தப் பக்கம் சேர்ந்தாலும் காவலன் ஒன்றை இழக்க வேண்டும். இழப்பு இல்லாத தேர்வு வெறும் மவுஸ் கிளிக்தான்.

முடித்ததும் நண்பர்கள் இருவரிடம் விளையாடக் கொடுங்கள். இருவரும் ஒரே பக்கம் சேர்ந்தால், மற்ற அணியின் நியாயத்தை நீங்கள் அரைமனதுடன் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவர்கள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினால் உங்கள் கதை வென்றுவிட்டது.