பூனைக்கு யார் சோறு வைப்பது?

"பூனைக்கு யார் மணி கட்டுவது?" என்பது பழைய கேள்வி. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, பெட்டி படுக்கையுடன் ஊருக்குப் புறப்படும் வேளையில் நம் வீடுகளில் எழ வேண்டிய கேள்வி வேறு. அது, "பூனைக்கு யார் சோறு வைப்பது?" என்பதாகும்.

பயணச்சீட்டை வெகு முன்னதாகவே வாங்கிவிடுகிறோம். பால்காரரிடமும் செய்தித்தாள் போடுபவரிடமும் சொல்லிவிடுகிறோம். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் ஏற்பாடு செய்கிறோம். பூனையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அது எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்" என்று முடித்துவிடுகிறோம். இது சரிதானா? இதைக் குறித்து அறிவியலும் சட்டமும் கூறுவதையும், எங்கள் வீட்டில் செய்து பயன் கண்டதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பூனை தானே பிழைத்துக்கொள்ளுமா?

வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடு கிடைத்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வளவு காலமாகப் பூனை மனிதனோடு வாழ்ந்து வருகிறது. வேளை தவறாமல் தட்டில் உணவு கண்டு வளர்ந்த பூனைக்கு வேட்டைப் பழக்கம் போதிய அளவு இருப்பதில்லை. பூட்டிய வீட்டில் எலியும் இராது. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தால், முக்கியமாகப் பருத்த பூனைகளுக்கு, உடலின் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே பட்டினி பூனைக்கு வெறும் துன்பம் மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராததையும், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி அதைக் கைவிட்டுச் செல்வதையும் குற்றம் என்கிறது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம், உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. குடிமையியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் இக்கடமை, நம் வீட்டு வாசற்படியிலேயே காத்திருக்கிறது.

எங்கே விட்டுச் செல்வது?

நாய் ஆளோடு ஒட்டும். பூனை வீட்டோடு ஒட்டும் என்பார்கள். தன் மணம் பதிந்த இடத்தில்தான் பூனை அச்சமின்றி இருக்கும். எனவே பூனையை அதன் வீட்டிலேயே வைத்து, பழகிய ஒருவர் நாள்தோறும் காலையும் மாலையும் வந்து பார்ப்பதே முதல் வழி. வருபவர் சாப்பாட்டை வைத்துவிட்டு உடனே திரும்பாமல் கால் மணி நேரமாவது அதனுடன் இருத்தல் நலம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை இரண்டு மூன்று முறை வரவழைத்து, அவர் கையாலேயே உணவு வைக்கச் செய்ய வேண்டும்.

அதற்கு வழியில்லையெனில் உறவினர் வீட்டில் விடலாம். அப்போது பூனை படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்ப வேண்டும். அதன் மணல் தட்டும் உடன் செல்ல வேண்டும். புது இடத்தில் வெளியே திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு வழி தவறிவிடும்; ஆதலால் ஓர் அறைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் விடுதியில் விடுவோர், வெறிநோய்த் தடுப்பூசியையும் பூனைகளுக்குரிய மற்றத் தடுப்பூசிகளையும் சில வாரங்களுக்கு முன்பே போட்டிருத்தல் அவசியம்.

உணவும் நீரும்

நம்மில் பலர் பூனைக்குத் தயிர்ச்சோறு வைக்கிறோம். ஆனால் பூனை ஊன் உண்ணி. 'டாரின்' என்னும் சத்து அதற்கு உணவின் மூலமே கிடைக்க வேண்டும்; அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பதை 1975-இலும், இதயம் பலவீனமாகும் என்பதை 1987-இலும் அறிவியலார் கண்டறிந்தனர். இச்சத்து வேகவைத்த நீரில் கரைந்து போகும். எனவே மீன் வெந்த நீரைக் கொட்டாமல் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டும். மீன் குழம்பை ஊற்றலாகாது. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பால் பூனைக்கு உகந்தது என்பதும் முழு உண்மையன்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி நீர் தேவை. ஒரு கிண்ணம் கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும்படி, இரண்டு மூன்று இடங்களில் நீர் வைத்துத் தினமும் மாற்ற வேண்டும்.

அன்பினால் நேரும் ஆபத்துகள்

பார்த்துக்கொள்பவருக்கு அன்பு இருந்தால் மட்டும் போதாது. சிலவற்றை அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பூனை சோர்ந்து படுத்தால், நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரையைத் தர எண்ணுவார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் கல்லீரலால் அம்மருந்தை முறித்து வெளியேற்ற இயலாது. இதே காரணத்தால் தரை துடைக்கும் பினாயிலும் ஆபத்தானது. ஈரத்தரையில் நடந்த பூனை பின்பு தன் பாதத்தை நக்கும் அல்லவா? பீரோவில் போடும் அந்துருண்டையும் நஞ்சே. ஈஸ்டர் நாளில் பீடத்தை அலங்கரிக்கும் லில்லி மலரை வீட்டுப் பூச்சாடியில் வைத்தலும் கூடாது; அதன் மகரந்தம் சிறிது உள்ளே சென்றாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

பார்த்துக்கொள்பவரின் நலமும் நம் பொறுப்பே. பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று மருத்துவர் சொல்லும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் செய்த உதவி

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், என் தாத்தாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக நாங்கள் ஒன்பது நாட்கள் ஊரில் தங்கியிருந்தோம். எங்கள் கடுவன் பூனை மணியனை எதிர்வீட்டு அத்தை பார்த்துக்கொண்டார். அம்மா அவரிடம் வீட்டுச் சாவியுடன் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் கொடுத்திருந்தார். எவ்வளவு தின்றது, நீர் குடித்ததா, மணல் தட்டு எத்தனை முறை நனைந்தது என்று அத்தை அதில் நாள்தோறும் எழுதி வந்தார்.

ஆறாம் நாள் காலை, "மூன்று முறை மணலில் உட்கார்ந்தான். மணல் நனையவில்லை" என்று எழுதும்போதே அவருக்கு ஐயம் எழுந்ததாம். முந்தைய பக்கங்களைப் புரட்டினார். தினமும் இரண்டு முறை என்று இருந்தது. உடனே கைபேசியில் அம்மாவை அழைத்து, "அக்கா, மணியன் முக்குகிறான், முனகுகிறான். சாயந்தரம் வரை பொறுக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. கூடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது, பணம் உறையில் இருக்கிறது. இப்போதே கொண்டு போய்விடு" என்றார் அம்மா.

கால்நடை மருத்துவர் மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றினார். கடுவன் பூனையின் சிறுநீர்ப் பாதை குறுகலானது. அதில் அடைப்பு நேர்ந்தால் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும் என்று அவர் விளக்கினாராம். நாங்கள் ஊரிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மணியனைக் காப்பாற்றியவை அத்தையின் அன்பும், அந்த நோட்டும், முன்கூட்டியே எடுத்து வைத்த கூடையும் பணமுமே.

எழுதி வைக்க வேண்டியவை

ஆகவே தோழியரே, புறப்படுமுன் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

1. உணவு எது, எவ்வளவு, எந்த நேரம்.
2. தரக்கூடாதவை: குழம்பு, பால், நம் மாத்திரைகள்.
3. கால்நடை மருத்துவமனையின் முகவரி, திறந்திருக்கும் நேரம், நம் கைபேசி எண்.
4. கூடை, தடுப்பூசி அட்டை, பணம் இருக்கும் இடம்.
5. "நாங்கள் பேசக் கிடைக்காவிட்டாலும், மருத்துவர் சொல்லும் சிகிச்சையைச் செய்யச் சம்மதம்" என்று பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு வரி.
6. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்: ஒரு நாள் முழுதும் உண்ணாமை, சிறுநீர் வராமல் முக்குதல், ஓயாத வாந்தி, வாய் திறந்து மூச்சு வாங்குதல்.

முடிவுரை

ஊருக்குப் போகும்போது பூனையிடம் "போய் வருகிறேன்" என்று சொன்னால் அதற்குப் புரியாது. எத்தனை நாளில் திரும்புவோம் என்பதும் அதற்குத் தெரியாது. தட்டு காலியாக இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே அந்தத் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளும் கைகளை ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுவோம். திரும்பி வரும்போது அந்தக் கைகளுக்கு ஊர்ப் பலகாரம் ஒரு பொட்டலம் கொண்டுவர மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி