இருக்கிற பெட்டியை மேம்படுத்துங்கள்: கைபழகும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இங்குள்ள வீடுகளில் நான் திறந்து பார்த்த கணினிகளில் பல, கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டிகள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பிறகு, புதுக் கணினி என்ற பேச்சே பல வீடுகளில் நின்றுபோனது. இருப்பதை மேம்படுத்தி ஓட்டுவதுதான் வழி. அந்த வேலையைப் பழக வருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சொல்வதன் சாரம் இது: பாகம் வாங்குமுன் குறை எது என்று கண்டுபிடியுங்கள், வேகத்தைத் தேடுமுன் மின்சாரத்தையும் உப்பையும் கவனியுங்கள்.

1. குறை எது என்று முதலில் பாருங்கள்.

"கொம்பியூட்டர் இழுபடுது" என்றுதான் கொண்டு வருவார்கள். கேட்டவுடன் "ரேம் போடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கிழிசல் எங்கே என்று பாராமல் வலைக்கு நூல் வாங்குகிறவர் இந்தக் கரையில் இல்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அந்த வீட்டார் அன்றாடம் பாவிக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க் இழுக்கிறது. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இரண்டும் நிரம்பினால் ரேமைச் சந்தேகியுங்கள். மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில்தான் இடம் தேடும். எதுவுமே நிரம்பாமல் இழுபட்டால் விசிறியைப் பாருங்கள். சூடேறிய புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது தேவைப்படுவது ஒரு தூரிகையும் கொஞ்சம் தேர்மல் பேஸ்ட்டும் மட்டுமே.

2. பிரதி எடுக்காமல் திருப்புளியைத் தொடாதீர்கள்.

உயர்தரம் படிக்கும் பிள்ளையின் குறிப்புகள், கலியாணப் படங்கள், கடல் கடந்து இருக்கும் மகன் அனுப்பிய வீடியோ, எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும். பாகத்தைத் திரும்ப வாங்கலாம், இவற்றை வாங்க முடியாது. "அதில ஒண்டும் இல்லை" என்று உரியவரே சொன்னாலும் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகு, அங்கிருந்தே நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் பிரதி எடுத்ததாக அர்த்தம்.

3. முதல் பணத்தை மின்சாரத்துக்கு ஒதுக்குங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போகிற நேரத்தைவிட, அது திரும்பி வருகிற நேரம்தான் பெட்டிக்கு ஆபத்து. மின்வெட்டு வந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் திரும்பி வந்து கொஞ்ச நேரம் நிலையாக நின்ற பிறகே மாட்டுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் இணைய வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னலுக்கு அதுவும் ஒரு வாசல்.

பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்கப் பழகுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று இருக்கும். கீழே 12 வோல்ட் என்ற நிரலில் 14 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 168 வாட்ஸ். புரொசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். பெரிய எழுத்தை நம்பிக் கார்டு வாங்காதீர்கள்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள்ளே ஏறக்குறைய 325 வோல்ட்டாகக் கொள்ளளவிகளில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். பழுதானால் முழுதாக மாற்றுங்கள்.

4. கையைத் தயார்படுத்துங்கள்.

சுவிட்சை நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். கேசிங்கின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கச்சான் அடிக்கும் வறண்ட நாட்களில் உடம்பில் நிலைமின் ஏறும். அது நமக்கு உறைக்காது, ரேமுக்கு உறைக்கும். தும்பு பறக்கும் பாயிலும் நைலோன் விரிப்பிலும் வைத்து வேலை செய்யாதீர்கள். மரமேசை நல்லது. கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் பொத்தானுக்குப் போகும் மெல்லிய வயர்கள் எந்த ஊசியில் இருந்தன என்று பிறகு தேடி அலையவேண்டாம்.

5. உப்பை அறிந்துகொள்ளுங்கள்.

கொழும்பு யூடியூப் காணொளிகளில் இதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் இரவுகள் பல அந்த அளவைத் தாண்டுகின்றன. பகலில் விசிறி இழுத்துவந்து மதர்போட்டில் படியவைத்த உப்புத் தூசி, இரவில் ஈரமாகித் தொடுமுனைகளை அரிக்கும். கேசிங்கின் ஸ்குரூவில் கறள் தெரிந்தால் உள்ளேயும் அரிப்பு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, திரை இருண்டு பீப் சத்தம் மட்டும் வரும் பெட்டிக்குப் புது ரேம் வாங்க ஓடவேண்டாம். ரேமை இருபக்கக் கொளுக்கியையும் விரித்து எடுங்கள். அடிப்பக்கத் தங்கநிறப் பற்களை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். மங்கலான ஒரு படலம் தெரியும். மென்மையான வெள்ளை அழிறப்பரால் பற்களின் நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். அழிறப்பர்த் துகளை மதர்போட்டுக்கு வெளியே வைத்துத் தட்டி, ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டுங்கள். இரண்டு கொளுக்கியும் தாமாக "டிக்" என்று மூடவேண்டும். நான் பார்த்தவரை இப்படிக் கொண்டுவரப்படும் பெட்டிகளில் கணிசமானவை இதோடே எழுந்துவிடுகின்றன.

கடலைப் பார்த்த சன்னலடியில் பெட்டியை வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது பொலித்தீனால் மூடாதீர்கள். வாடைக் காலத்தில் பாவிக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைப்பதுதான் மிகக் கெடுதல். இடையிடையே சில மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும்.

6. ஒரே ஒரு பாகம்தான் வாங்கமுடியும் என்றால், பெரும்பாலும் அது எஸ்.எஸ்.டி.

நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும். தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வரும்வரை கணினி காத்திருக்கும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. ஒவ்வொரு தேடலும் ஒரு மில்லிசெக்கனின் சிறு பங்குக்குள் முடிந்துவிடும். அதனால்தான் பழைய 3 கிகாபிட் சாட்டா உள்ள மதர்போட்டில் போட்டாலும் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 240 அல்லது 256 ஜி.பி. ஒன்று விண்டோஸுக்கும் அன்றாட வேலைக்கும் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க்கைப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் பழையதை அப்படியே புதியதற்குப் பிரதி செய்யும். புதிய டிஸ்க் அளவில் சிறியதென்றால் மட்டும் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே சுலபம்.

எம்.2 வகை எஸ்.எஸ்.டி. வாங்குமுன் மதர்போட்டின் கையேட்டைப் பாருங்கள். அதே துளையில் சாட்டா வகையும் வரும், என்.வி.எம்.இ. வகையும் வரும். ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கும் போட்டுகள் நிறைய உண்டு.

7. ரேமைப் பெயரும் எண்ணும் பார்த்து வாங்குங்கள்.

டி.டி.ஆர்.3க்கு 240 முனைகள், டி.டி.ஆர்.4க்கும் 5க்கும் 288. முனை எண்ணிக்கை ஒன்றானாலும் 4ம் 5ம் வெட்டு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. போகாததை அழுத்தாதீர்கள், மதர்போட்டில் வெடிப்பு விழும். இரண்டு துளை இருந்தால் 8 ஜி.பி. ஒன்றைவிட 4 ஜி.பி. இரண்டு வேகமாக ஓடும். பிறகு கூட்ட நினைப்பவர் 8இல் ஒன்றை இப்போது போட்டு, அதே வகையில் இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பாவிக்காது. அதை 64 பிட்டுக்கு மாற்றாமல் ரேமுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

8. சொக்கெட் எண்ணை மட்டும் நம்பிப் புரொசஸர் வாங்காதீர்கள்.

இன்டெல்லின் 6ஆம், 7ஆம் தலைமுறைகளுக்கும் 8ஆம், 9ஆம் தலைமுறைகளுக்கும் சொக்கெட் பெயர் ஒன்றே, எல்.ஜி.ஏ. 1151. ஆனால் பழைய போட்டில் புதியது ஓடாது. 1155 சொக்கெட்டில் 2ஆம் தலைமுறையோடு வந்த போட்டு, 3ஆம் தலைமுறையை ஏற்கப் பயோஸ் புதுப்பிப்புக் கேட்கலாம். பழைய புரொசஸரைக் கழற்றுமுன் அதைச் செய்யுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போட்டில் கூலரை நேரே மேலே இழுக்காதீர்கள். சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். இல்லாவிட்டால் புரொசஸரும் பேஸ்ட்டோடு ஒட்டி வந்து ஊசிகள் வளைந்துவிடும்.

9. கம்பனிப் பெட்டிகளுக்கு வேறு சட்டம் என்று அறியுங்கள்.

டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் மதர்போட்டுக்குப் போகும் பவர் இணைப்பு 8 முனை. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையில் அது 24 முனை. இடைமாற்று வயர் இல்லாமல் பொருந்தாது. ஒடுங்கிய கேசிங்குக்குக் குட்டைக் கார்டுதான் போகும். கார்டு செருகும் துளை அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி வயர் வேண்டும். வாங்குமுன் அளவுகோலால் உள்ளே அளந்துகொள்ளுங்கள்.

10. சிறிய பற்றரியை மறக்காதீர்கள்.

திகதி ஒவ்வொரு நாளும் பழையதற்குத் திரும்புகிறது, இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றன என்றால், மதர்போட்டில் இருக்கும் 3 வோல்ட் சி.ஆர்.2032 பற்றரியை மாற்றுங்கள். இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் சிக்கல் அதோடே தீரும்.

11. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை மூன்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, பெட்டி எழாவிட்டால் எதைக் குற்றம் சொல்வீர்கள்? ஒன்றைப் பூட்டுங்கள், இயக்குங்கள், ஒரு மணி நேரம் வேலை செய்யவிடுங்கள், பிறகு அடுத்தது. திகதியையும் செய்த மாற்றத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே பெட்டி வரும்போது அந்த ஒரு வரி உங்கள் அரை நாளை மிச்சப்படுத்தும்.

12. எங்கே நிறுத்துவது என்று அறிந்து, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது இருக்கவேண்டும். அதற்கு முந்திய பெட்டியில் எவ்வளவு ரேம் போட்டாலும் இந்தக் கதவு திறக்காது. எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால், எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுங்கள். இன்னும் சில ஆண்டு ஓடும். மேம்படுத்தும் செலவு, இருக்கும் பெட்டியைவிடப் புதிய தலைமுறைப் பாவித்த பெட்டி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால், "இதில் காசு போடாதீர்கள்" என்று சொல்லுங்கள். அன்று உங்கள் கைக்கு வருமானம் வராது. ஆனால் அந்த வீட்டார் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்கள்.

கழற்றிய பாகம் உரியவருடையது. கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். பழைய டிஸ்க்கை விற்கக் கொடுத்தால், முழுதாக அழித்த பிறகே விற்கவேண்டும் என்று விளக்குங்கள். பழுதான போட்டுகளைக் களப்போரத்தில் எறியவோ செம்புக்காக எரிக்கவோ விடாதீர்கள். அவற்றில் ஈயம் இருக்கலாம், அந்தத் தண்ணீரில்தான் நம் இறாலும் மீனும் வளர்கின்றன. ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, மின்கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.

கை பழகப் பழக வேகம் தானே வரும். கற்கவேண்டியது, பார்த்தபின் தொடுவதும் தொட்டதற்குப் பொறுப்பேற்பதும். அந்த இரண்டும் உள்ள பிள்ளையிடம் என் வீட்டுக் கணினியையும் நம்பித் தருவேன்.