இரவு பத்தே முக்காலுக்கு என்ன நடந்தது?

மனநலப் பயிற்சிக்காகக் கொல்கத்தா வரும் தமிழ்ப் பிள்ளைகள், லேக் மார்க்கெட் பக்கம் அறை பார்த்து முடித்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். “சார், மொபைல் கேஸாவே வருதே, இதுக்குன்னு தனி சிகிச்சை இருக்கா?” இருக்கிறது. அதைத் தொடங்குமுன் சில விஷயங்கள்.

1. பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். ‘இணைய அடிமைத்தனம்’ என்ற நோயை 1995-இல் ஐவன் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வேடிக்கையாகத்தான் எழுதி வைத்தார். நோய்களுக்கு இலக்கணம் வகுக்கும் தோரணையைக் கிண்டல் செய்வது அவர் நோக்கம். அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் அதை மெய்யான துன்பமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவருடைய 20 கேள்விச் சோதனையை இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறுக்கு இடமுண்டு, ரீல்ஸுக்கென்று தனிப் பெயர் கிடையாது. கேமிங்குக்கும் அளவுகோல் கறாரானது: கட்டுப்பாடு போக வேண்டும், மற்றதெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், பொதுவாக ஓராண்டாவது இப்படி நீடிக்க வேண்டும். மாத்யமிக் என்னும் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மாதத்தில் ராப்பகலாக விளையாடுகிற பையனுக்கு நோயாளிப் பட்டம் கட்டாதீர்கள்.

2. சிகிச்சை வேண்டும் என்பவர் அம்மா. பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் கெடுதல்களை அடுக்கினால், அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். குடிப்பழக்கத்துக்காக வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிக் காட்டிய ஊக்க நேர்காணல் முறை இங்கே உதவும். அந்த விளையாட்டில் என்ன நன்றாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். “அங்கே நான் கேப்டன்” என்பான். பள்ளியில் அவன் யார் என்ற கேள்வி அதிலேயே வந்துவிடும்.

3. நேற்றிலிருந்து தொடங்குங்கள். 1922-லேயே கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் கண்ட ஊர் இது. குழந்தைப் பருவத்தைத் தோண்டும் ஆசை இங்கே காற்றிலேயே இருக்கிறது. தோண்டலாம், பிறகு. முதல் இரண்டு வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு பத்தி: மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எப்போது போனை வைத்தான். “மொபைல் பார்த்தேன்” என்று மொத்தமாக எழுதினால் ஏற்காதீர்கள். ஒரு நல்ல பக்கம் இப்படி இருக்கும்: “10.45. கணக்கு ட்யூஷன் ஹோம்வொர்க் எடுத்தேன். மூணாவது கணக்கு வரலை. நான் தேறமாட்டேன்னு தோணிச்சு. 1.20.” இதுபோல ஒரே வாரத்தில் நான்கு பக்கம் வந்தால், உங்கள் வேலை அந்த மூன்றாவது கணக்கிலும் “தேறமாட்டேன்” என்பதிலும்தான். அறிதல் நடத்தைச் சிகிச்சை, நாம் சொல்லும் சி.பி.டி., இங்கேதான் கைக்கு வருகிறது: அந்த எண்ணத்தைச் சோதிப்பது, முட்டிய இடத்தில் பத்து நிமிடம் உட்காரப் பழக்குவது, ட்யூஷன் மாஸ்டரிடம் கேட்கும் வாக்கியத்தை அறையிலேயே நடித்துப் பார்ப்பது. ட்யூஷனிலேயே வளரும் நகரம் இது. பத்தே முக்காலுக்கு முன்னால் நடந்ததைக் கேட்காதவருக்குப் பாதிக் கதை தெரியாது.

4. அடியில் இருப்பதைத் தேடுங்கள். மனச்சோர்வு, கூச்சப் பதற்றம், கவனக்குறைவு, வகுப்பில் கேலி. பெரியவர்களும் வருவார்கள். செக்டர் ஃபைவ் ஐ.டி. அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் போனைப் புரட்டுகிறவருக்குத் தூக்கத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

5. முழு விரதம் வேண்டாம். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. தொல்லை தரும் அந்த ஒரு செயலியை விலக்குங்கள், மற்றவற்றுக்கு நேரம் வகுங்கள். யங் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். விடுபட்ட மணிகளில் என்ன செய்வான் என்று எழுதாத திட்டம் மூன்றாம் நாள் கவிழும். பாராவில், அதாவது அவன் குடியிருக்கும் பேட்டையில், கால்பந்து இன்னும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

6. குணமாகுமா என்று கேட்பார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 143 ஆண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குறுகிய காலச் சி.பி.டி. பெற்றவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் மீண்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 24 சதவீதம். நல்ல சேதிதான். ஆனால் எல்லாரும் ஆண்கள், ஒப்பிட்டதோ சும்மா காத்திருந்தவர்களோடு. பெண்பிள்ளையின் தாயிடம் அந்த எண்ணை அப்படியே ஒப்பிக்காதீர்கள்.

7. அப்பாவின் போனையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேர விதி வீட்டிலுள்ள எல்லாருக்கும். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

8. போனைப் பிடுங்கி வைத்த இரவு ஆபத்தானது. சாகப் போகிறேன் என்றால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியாகக் கேளுங்கள், வீட்டாரை உடனிருக்கச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்புங்கள். பி.ஜி. என்று ஊர் சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையோடு சேர்ந்த மனநலக் கழகம் இங்கேயே இருக்கிறது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 பெற்றோரின் போனில் பதிவாகியிருக்கட்டும். சிக்கலான கேஸில் கலந்து பேச, பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் நடக்கிறது.

9. துர்கா பூஜை விடுமுறையில் பழக்கம் திரும்பும். பள்ளி கிடையாது, ட்யூஷன் கிடையாது, வீட்டில் எல்லாரும் பந்தல் பார்க்கப் போயிருப்பார்கள். மஹாளயத்துக்கு முன்பே ஒரு அமர்வு வையுங்கள். சஷ்டி முதல் தசமி வரை ஒவ்வொரு நாளுக்கும் அவன் கையாலேயே நோட்டில் திட்டம் எழுத வையுங்கள். லக்ஷ்மி பூஜை கழிந்த வாரத்துக்கும் இப்போதே நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு இரவு சறுக்கியிருந்தால், அந்த இரண்டு பக்கத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.