மெக்ஸிகோ சரித்திரத்தை எங்கே தொடங்குவது?



ஆஸ்டெக் சாம்ராஜ்யத்தையும் அதை ஸ்பானியர் வென்றதையும் பற்றி எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்று கேட்டிருந்தாய். பலரும் பிரெஸ்காட்டைத்தான் சொல்வார்கள். பார்வை மங்கிப்போன ஒருவர், மெக்ஸிகோ மண்ணை ஒரு நாளும் மிதிக்காமல், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டே எழுதி 1843-இல் வெளியிட்ட அந்தச் சரித்திரத்தின் கதைப்போக்கு அபாரம். ஆயினும் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்.

முதலில் பெர்னால் தியாஸைப் படி. ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் படையில் போரிட்ட சிப்பாய் அவர். அந்நாட்டைக் காணாத கோமரா என்னும் பாதிரியார் புகழனைத்தையும் தளபதிக்கே சூட்டியது பொறாமல், குவாத்தமாலாவில் முதிய வயதில் அவர் எழுதியது 1632-இல்தான் அச்சேறிற்று. 1520 ஜூன் 30 இரவு, ஆஸ்டெக் தலைநகரான தெனோச்டிட்லானிலிருந்து ஏரியை ஊடறுத்த கரைப்பாதையில் ஸ்பானியர் தப்பியோடுகையில், பொன் சுமந்தவர் பலர் நீரில் மாண்டுபோக, தாம் எடுத்துவந்தவை நான்கு பச்சைக் கற்களே என்றும், அவை பின்னர்த் தம் காயத்துக்கும் பசிக்கும் உதவின என்றும் அவர் சொல்லுமிடத்தை நிதானமாகப் படி. கோஹனின் சுருக்கமான ஆங்கிலப் பதிப்பே உனக்குப் போதும்.

கோர்த்தேஸ் தம் அரசருக்கு எழுதிய கடிதங்களை வக்கீலின் மனுவைப் படிப்பதுபோல் படி. கியூபா கவர்னர் வெலாஸ்கெஸை மீறிப் புறப்பட்டவர் தம் செயலுக்கு நியாயம் தேட வேண்டியிருந்தது. ஆஸ்டெக் பேரரசர் மொக்தெசூமா தாமாகவே ராஜ்யத்தை ஒப்படைத்தார் என்ற கூற்றை நான் நம்புவதில்லை.

எனக்கு மிகவும் உகந்தது, சஹகூன் என்ற துறவி நாவாத்ல் மொழி பேசிய மக்களிடமும், அவர் பயிற்றிய உள்ளூர் மாணாக்கரைக் கொண்டும் திரட்டி 1577 வாக்கில் முடித்த புளோரன்ஸ் ஏட்டின் பன்னிரண்டாம் புத்தகம். கோவில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்மீது கோர்த்தேஸின் துணைத்தளபதி அல்வராதோவின் ஆட்கள் பாய்ந்து மத்தளம் கொட்டியவனின் கைகளை வெட்டியதும், பெரியம்மை கண்டவர்கள் படுக்கையில் புரளவும் மாட்டாமல், பார்ப்பாரின்றிப் பட்டினியாலும் மடிந்ததும் அதில் உண்டு. சொன்னவர்கள் பெரும்பாலும் அண்டை நகரமான த்லாதெலோல்கோவினர். ஆதலால் தெனோச்டிட்லான்காரர்மீது அவர்கள் வீசும் பழியை அப்படியே ஏற்றுவிடாதே. முன்கூட்டியே தோன்றியதாகச் சொல்லும் அபசகுனங்களும் தோல்விக்குப் பின் கோத்தவையாகவே எனக்குப் படுகின்றன.

இம்மூன்றையும் முடித்தபின் மாத்யூ ரெஸ்டால் 2003-இல் எழுதிய, இவ்வெற்றியைச் சூழ்ந்த கட்டுக்கதைகளை ஆராயும் சிறு நூலைப் பார். 1521 ஆகஸ்ட் 13-இல் தலைநகர் வீழ்ந்தது சில நூறு ஸ்பானியரால் மட்டுமன்று, அவர்களோடு சேர்ந்து போரிட்ட த்லாஸ்கலா முதலிய நாட்டாரின் பெரும்படையாலும் என்பது அதில் தெளிவாகும். பிறகு பிரெஸ்காட்டைத் திற. அந்தத் துணைப்படையை அவர் எங்கெங்கே ஓரத்துக்குத் தள்ளுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம்.

இப்படிக்கு,
உன் மாமா