டேங்க் ஃப்ளோட் மாற்றியதும் பெட்ரோல் கசிவு: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: காரில் பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லை. ஆன்லைனில் ஃப்ளோட் யூனிட் வாங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டினேன். கூலி 1,800 ரூபாய், பில் இருக்கிறது. இப்போது டேங்கை நிரப்பினால் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிகிறது. பாதி டேங்க் இருக்கும்போதே முள் காலி என்கிறது. "பொருள் நீங்கள் வாங்கி வந்தது, பில்லிலும் நோ கேரண்டி என்று போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போடலாம். ஆனால் கசிவையும் முள்ளையும் ஒரே புகாராக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முள் தவறாகக் காட்ட, நீங்கள் வாங்கிய யூனிட் உங்கள் மாடலுக்குப் பொருந்தாததும் காரணமாகலாம். உள்ளே இறக்கும்போது மிதவையின் கம்பி வளைந்ததும் காரணமாகலாம். அதைத் திறந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. கசிவு அப்படியல்ல. பல கார்களில் இந்த யூனிட் டேங்கின் மேல்பக்கத் துளையில் உட்கார்ந்திருக்கும். அதற்கடியில் ரப்பர் ரிங், மேலே இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங். மாட்டுவதற்கு முன் இல்லாத கசிவு, அதுவும் டேங்க் நிறைந்தால் மட்டும் வருகிறதென்றால், சந்தேகம் முதலில் அந்த மேல்வாயின் மீதுதான் விழும். பழைய ரிங்கையே திரும்பப் போட்டார்களா, ரிங் பிதுங்கிக்கொண்டதா, லாக் ரிங் முழுதாகத் திரும்பவில்லையா என்பதெல்லாம் மாட்டிய கையின் வேலையைப் பற்றிய கேள்விகள்.

இங்கேதான் ஒர்க்‌ஷாப்பின் முதல் வாதம் நிற்காமல் போகிறது. நீங்கள் 1,800 ரூபாய் கொடுத்தது பொருளுக்கல்ல, வேலைக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சேவை செய்யும் முறையில் உள்ள குறையையும், நஷ்டம் உண்டாக்கும் கவனக்குறைவையும் 'சேவைக் குறைபாடு' என்கிறது. பொருள் யாருடையது என்பதால் இது மாறாது. கொண்டுவந்த பாகம் டேங்கின் வாயில் சரியாக உட்காரவில்லை என்றால், அதைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில் தெரிந்தவரின் கடமை. டேங்க் வாய் துருப்பிடித்திருந்தது என்று நாளை சொல்வார்களானால், அதற்கும் இதே பதில்தான்: திறந்தவர் கண்ணில் பட்டிருக்கும், மூடுமுன் சொல்லியிருக்க வேண்டும். நோ கேரண்டி முத்திரை, பாகம் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று வேண்டுமானால் சொல்லும். பெட்ரோல் ஒழுக மூடிவிட்டுப் போக அது அனுமதிச் சீட்டு அல்ல.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது, எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கசிகிறது என்ற உங்கள் சொல் மட்டும் போதாது. அவசரப்பட்டு வேறொரு மெக்கானிக்கிடம் புது ரிங் போட்டுவிட்டால் கசிவு நிற்கும், சாட்சியமும் அதோடு போகும். எனவே முதலில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இன்ன நாளில் திறக்கிறோம், வந்து பாருங்கள் என்று அழையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும், திறப்பதை வீடியோ எடுங்கள். கழற்றிய ரிங்கையும் யூனிட்டையும் தூக்கிப் போடாதீர்கள். கண்ட குறையைத் திறந்த மெக்கானிக்கிடம் எழுதி, கையெழுத்துடன் வாங்குங்கள். முள்ளின் கோளாறு பாகத்தில்தான் என்று அவர் சொன்னால், அந்தப் புகார் விற்றவர் மீது போகட்டும்.

கசிவைச் சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். பின் சீட்டில் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் ஆவி தங்குகிறது; வழக்கைவிட இது பெரிது. வெட்டவெளியில் நிறுத்துங்கள்.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கூலி, மறுபடி சரிசெய்த செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் மனுவிலேயே கேளுங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்துவையுங்கள். சில ஒர்க்‌ஷாப்புகள் அந்த அழைப்பிலேயே பேச வந்துவிடும்.