விதி 11: ஒரு வரி ஒரு வரியாக

"அரசியலமைப்புச் சட்டம் நமக்கு மதச் சுதந்திரம் கொடுத்திருக்கு." கோயில் கூட்டங்களில் இதைக் கேட்காத இளைஞர் யாரும் இருக்க மாட்டீர்கள். எந்த விதி, அதில் என்ன எழுதியிருக்கு என்று திருப்பிக் கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஞாயிறு சமய வகுப்பில் நான் தேவாரத்துக்குப் பொருள் சொல்வது போலவே இதற்கும் பதம் பிரித்துப் பொருள் சொல்லிப் பார்க்கிறேன். கஷ்டமான சட்டத் தமிழ் வேண்டாம், நாம பேசற தமிழே போதும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1956-இல் ரீட் பிரபு தலைமையில் ஐந்து பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஐவரில் மலாயாக்காரர் ஒருவர்கூட இல்லை. பிரிட்டனிலிருந்து இருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஒவ்வொருவர். இந்தியாவிலிருந்து வந்த பி. மாலிக், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. அவர்கள் தந்த அறிக்கையில் சில மாற்றங்கள் செய்து, 1957 ஆகஸ்டு 31-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விதி 3 இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது. மற்ற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்று அதே வரியில் சொல்கிறது. அந்த விதியின் நான்காம் உட்பிரிவைப் பலர் படிப்பதே இல்லை: இந்த விதியில் உள்ள எதுவும் சட்டத்தின் மற்ற விதிகளைக் குறைக்காது.

இப்போ விதி 11. முதல் உட்பிரிவில் மூன்று வினைச்சொற்கள் உண்டு. ஒவ்வொருவரும் தன் மதத்தை 'இது என் மதம்' என்று சொல்லிக்கொள்ளலாம், அதைக் கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். முதல் இரண்டும் ஒரு வகை, மூன்றாவது வேறு வகை. பரப்புவதற்கு மட்டும் 'நான்காம் உட்பிரிவுக்கு உட்பட்டு' என்று ஒரு கொக்கி இருக்கு. முஸ்லிம்களிடையே எந்த மதக் கோட்பாட்டையும் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்பதே அந்தக் கொக்கி. சட்டத்தில் 'உட்பட்டு' என்ற சொல் வந்தாலே கொஞ்சம் நின்று, எதற்கு உட்பட்டு என்று அந்த இடத்தைத் தேடிப் படியுங்கள்.

ஐந்தாம் உட்பிரிவு இன்னொரு கொக்கி. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய பொதுச் சட்டத்தை மீறும் செயலுக்கு இந்த விதி அனுமதி தராது. 2021 தைப்பூசத்தில் காவடி எடுக்க முடியாமல் போனதே, அப்போது பலருக்கு மனசு வலித்தது. 'பொதுச் சுகாதாரம்' என்ற சொல் 1957-லிருந்தே அங்கே இருக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாம் உட்பிரிவு. ஒவ்வொரு மதக் குழுவும் தன் சமய விவகாரங்களைத் தானே நிர்வகிக்கலாம். சமய, அறப்பணி நிலையங்களை அமைத்து நடத்தலாம். சொத்து வாங்கலாம், வைத்திருக்கலாம், சட்டப்படி நிர்வகிக்கலாம். 'வாங்கலாம்' என்பதைக் கவனியுங்கள். நிலம் கொடுக்கப்படும் என்று அங்கே எழுதவில்லை.

நம் கோயில்களில் பல, தோட்டத்தில் பிறந்தவை. பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் துரையிடம் வாயால் கேட்டு, மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு வணங்கினார்கள். நிலம் கம்பெனியுடையது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டம் வரும்போது, கோயில் இன்னொருவர் பட்டாவின் மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் 'விதி 11 இருக்கு' என்று மட்டும் சொல்லி வழக்காடினால், எதிர்த்தரப்பு பட்டாவை எடுத்து மேசையில் வைக்கும். வழிபடும் உரிமை ஒன்று, அந்த இடத்தின் உரிமை வேறொன்று. நூறு வருஷக் கோயிலாச்சே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஆதங்கத்தை நில அலுவலகத்தில் பதிய முடியாது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவது. ஒன்பதாம் அட்டவணையில் பார்க்கலாம். ஆகவே புத்ராஜெயாவுக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. உங்கள் கோயில் நிலத்தின் 'கிராண்ட்' யார் பெயரில் இருக்கிறது என்று இந்த மாதமே தலைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். "சின்னப் பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பதில் வந்தால், இரண்டாவது தடவையும் அதே மரியாதையோடு கேளுங்கள்.

விதி 12-ஐச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தன் மதம் அல்லாத மதத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்கெடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் மதத்தை அவரது பெற்றோர் அல்லது காப்பாளர் முடிவு செய்வார். இந்தப் 'பெற்றோர்' ஆங்கில மூலத்தில் ஒருமையில் உள்ளது. அப்படியென்றால் அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் மாற்றிவிடலாமா? இந்திரா காந்தி வழக்கில் இதுதான் சிக்கல். ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்கிறது பதினொன்றாம் அட்டவணை. பெற்றோர் இருவரும் இருந்தால் இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஓர் ஒருமை பன்மைக்காக ஒரு தாய் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார் பாருங்கள். இலக்கண வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்!

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. விதி 8-ஐயும் விதி 10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சட்டத்தின் முன் சமம் என்று சொல்லும் 8, 'எல்லா நபர்களும்' என்று தொடங்குகிறது. பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 10, 'ஒவ்வொரு குடிமகனும்' என்கிறது. விதி 11 இதில் எந்தப் பக்கம் சேரும்? நம் வட்டாரத்தில் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு இந்த மூன்றில் எது உண்டு, எது இல்லை? எழுதிக்கொண்டு வாருங்கள்.